இடிக்காரர் எடுத்த ஆறடிப் பலகை

பழைய கட்டடங்களை இடித்துத் தள்ளுவது அவர் தொழில். எல்லாருக்கும் அவர் இடிக்காரர். வேலையிடத்தில் இடிப்பதோடு நிறுத்திக்கொண்டிருந்தால் அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது. வீட்டிலும் கை சும்மா இருக்காது. குளியலறைக் கதவில் முஷ்டி அளவுக்கு ஒரு பள்ளம். அலமாரியில் கண்ணாடி இருந்த இடத்தில் அட்டை. சமையலறைச் சுவரில், பறந்து போன டீ டம்ளர் விட்டுச்சென்ற கறை. அவர் செருப்பைக் கழற்றும் சத்தத்தை வைத்தே அன்றைய நிலவரத்தைக் கணிக்கும் அளவுக்கு மனைவி தேறியிருந்தாள்.

டிவி ரிமோட்டைக் காணவில்லை என்பதற்காக ஒரு நாள் அவளை அடித்தார். கன்னம் வீங்கியது. ரிமோட் அவருடைய தொடைக்குக் கீழேதான் இருந்தது. மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் அவள் ஒரு பையில் துணியை அடைத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனவள்தான். இரண்டு மாதம் ஆகியும் திரும்பவில்லை.

தம்பிக்குக் கடற்கரையில் ஒரு கொட்டகை. அலைமேல் சறுக்கும் சர்ஃபிங் பலகைகளை வாடகைக்கு விட்டு, புதிதாக வருகிறவர்களுக்குக் கற்றும் கொடுப்பான். முதலில் ஈர உடுப்புகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்த அக்கா, பிறகு கால் வழுக்காமலிருக்கப் பலகைகளுக்கு மெழுகு தேய்த்தாள். ஒரு நாள் தானே தண்ணீரில் இறங்கினாள். நாற்பது வயதுக்கு மேல் அவளுக்கு அது எப்படியோ பிடிபட்டுவிட்டது. யாருக்கு எந்தப் பலகை என்று ஆளைப் பார்த்தவுடன் சொல்லிவிடுவாள்.

இடிக்காரர் அவளைக் கூப்பிட வரும்போதெல்லாம், "வேலையா இருக்கேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு நாள் அவர் விடவில்லை.

"ஒரு வார்த்தை பேசணும்னு வந்து நிக்கிறேன். நாய் மாதிரி வெரட்டுற?"

"பேசணும்னா தண்ணிக்குள்ள வாங்க."

"என்னது?"

"அங்க கத்தினா எனக்குக் கேக்காது. கை ஓங்கினா நீங்களே விழுந்துடுவீங்க. எனக்கும் நிம்மதி."

மெழுகு சுரண்டிக்கொண்டிருந்த மச்சான் வாய்விட்டுச் சிரித்தான். இடிக்காரர் அவனை முறைத்தார். ஆனால் சட்டையைக் கழற்றினார். இன்றைக்கு எப்படியாவது அவளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்பதுதான் அவருக்கு முக்கியம்.

"எடை எவ்வளவு?" என்று வாடிக்கையாளரிடம் கேட்பது போலவே கேட்டாள்.

"தொண்ணூத்தஞ்சு இருக்கும்."

கொட்டகையின் கோடியில் சாய்த்து வைத்திருந்த நீலப் பலகையைக் காட்டினாள். ஒன்பதடி நீளம், நல்ல அகலம், மேல்பக்கம் மெத்தென்ற நுரை. தன்னைக் கத்துக்குட்டியாக நினைத்துவிட்டாள் என்று அவருக்குச் சுருக்கென்றது. அவர் தொழிலில் முதல் நாள் வருகிறவன்தான் இருப்பதிலேயே பெரிய சுத்தியலைத் தூக்குவான், மதியத்துக்குள் தோள் தொங்கிப்போகும். கைதேர்ந்தவன் சின்னச் சுத்தியலை எடுத்து, சுவர் எங்கே பலவீனம் என்று தட்டிப் பார்த்து அங்கே போடுவான். பெரிய சாமான் கத்துக்குட்டிக்கு, சின்னது தேர்ந்தவனுக்கு. கடலிலும் கணக்கு அதேதான். கடலில் தான் யார் என்பதை மட்டும் அவர் மறந்துபோனார்.

"இதப் பச்சப் புள்ளைங்களுக்குக் குடு" என்று சொல்லிவிட்டு, ஆணியில் தொங்கிய ஆறடிப் பலகையை இறக்கினார். வழவழப்பான கெட்டிப் பலகை, ஈட்டி மாதிரி மூக்கு.

"மாமா, அது என்னுது. உங்க எடைக்கு மிதக்கவே மிதக்காது. அலை உடையிற எடத்துல குப்புறத் தள்ளிடும்."

"உன்ன மாதிரி நோஞ்சானத் தள்ளும்டா."

"மூக்கப் பாத்தீங்கல்ல? தண்ணிக்குள்ள அது கத்தி."

"கத்திய எப்படிப் பிடிக்கணும்னு எனக்குத் தெரியும்."

மனைவி அவர் கணுக்காலில் பலகையின் கயிற்றைக் கட்டிவிட்டு, "விழுந்தா பலகைய விட்டு விலகி விழுங்க. உதறித் தள்ளாதீங்க. கயிறு இழுத்துத் திரும்பி வரும்" என்றாள். பதினெட்டு வருடமாகச் சாப்பாட்டு நேரத்தில் அவள் சொன்னதெல்லாம் எப்படி அவர் காதில் விழுந்ததோ, அப்படியே இதுவும் விழுந்தது.

அன்றைக்குக் கடல் நல்ல முகத்தோடு இல்லை. இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கும்போதே அலை வந்து மார்பில் குத்தியது. "இங்க பாரு, வீட்டுக்கு..." என்று வாயைத் திறந்தார். அடுத்த அலை வாய் நிறைய உப்பை அறைந்துவிட்டுப் போனது. பலகைமேல் படுத்தார், அது அவரோடு சேர்ந்து முழுகியது. வயிற்றுக்குக் கீழே அது இருக்கிறதா என்றே தெரியவில்லை. கையை எவ்வளவு வீசினாலும் நின்ற இடத்திலேயே நின்றார். மூன்று சுவரை ஒற்றை ஆளாகச் சாய்த்த தோள் அது, தண்ணீரில் எதைச் சாய்ப்பது?

"போதும், வாங்க. பலகைய மாத்திக்கலாம்" என்று அவள் பக்கத்தில் வந்து கத்தினாள்.

"ஒழுங்கா அந்தப் பக்கம் போடி!"

ஆத்திரத்தில் அவர் இன்னும் உள்ளே போனார். அவளும் பின்னாலேயே போனாள். முதுகுப்பக்கம் எழுந்த அலை அவரைத் தூக்கியது. ஒரு நொடி எல்லாமே அவருக்குக் கீழே இருந்தது. பிறகு பலகையின் மூக்கு தண்ணீரில் குத்தி நட்டுக்கொண்டது. தலைகீழாகப் போய்த் தோள்பட்டை தரையில் மோதியது. மணல் முகத்தைத் தேய்த்தது. உள்ளே யாரோ கழுத்தைப் பிடித்துச் சுவரில் இடிப்பது போல இருந்தது. மூச்சுக்குத் தவித்து மேலே வந்தவரின் விலாவில் பலகை உரசியது. எதிரி கையில் கிடைத்துவிட்டான். இரண்டு கையாலும் பலம் கொண்ட மட்டும் அதை உதறித் தள்ளினார்.

கயிறு விறைத்து, அடுத்த அலை பலகையை வாரிச் சுழற்றியது. அவரைப் பிடித்து இழுக்க வந்த மனைவியின் புருவத்தில் ஈட்டி மூக்கு இறங்கியது.

சத்தமே வரவில்லை. முகத்தில் ஒரு பக்கம் முழுக்கச் சிவப்பு. நுரை ரோஜா நிறத்துக்கு மாறியது. அவர் அவள் தோளைப் பிடித்துக் கரைக்கு இழுத்து வந்தார். மணலில் அவளை உட்கார வைத்ததுதான் தாமதம், மச்சான் ஓடிவந்த வேகத்திலேயே அவர் வாயில் ஒரு குத்து விட்டான். விழுந்தவரின் மேல் ஏறி உட்கார்ந்து மாறி மாறிக் குத்தினான்.

"வீட்டுல அடிச்சது பத்தலயா? கடலுக்கு வேற வந்து அடிக்கணுமா? எந்திரிய்யா! என்னைய அடி பாப்போம்!"

இடிக்காரர் நினைத்திருந்தால் அந்த நோஞ்சானை ஒரே கையால் கழுத்தைப் பிடித்துத் தூக்கியிருக்கலாம். கை எழுந்தது, அவன் கழுத்து வரைக்கும் போனது. அப்போது மனைவி, "ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டுச் சாவுங்க. அதுக்கு முன்னாடி எவனாவது ஒருத்தன் ஆட்டோ கூப்பிடு" என்றாள். கை இறங்கியது.

ஆஸ்பத்திரியில் தையல் போட்ட நர்ஸ் அம்மா, "யாரு அடிச்சது?" என்று கேட்டாள்.

"பலகை" என்றாள் மனைவி.

நர்ஸ் அம்மா ஊசியை நிறுத்தினாள். "போன தடவ கன்னம் வீங்கி வந்தப்ப கதவு. இந்தத் தடவ பலகை. உங்க வீட்டு மரச்சாமானுக்கெல்லாம் உங்க மேல அப்படி என்னம்மா கோவம்?"

திரைக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த இடிக்காரருக்கு உதடு கிழிந்திருந்தது. பேச வலித்தது.

"இது பலகைதாங்க. போன தடவ நான்."

ஊசி மறுபடி வேலையைத் தொடங்கியது.

கட்டுப் போட்டுக்கொண்டு வெளியே வந்தவள் அவருக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்தாள். "வீட்டுக்கு வர்றேன்" என்றாள்.

அவர் எழுந்துவிட்டார்.

"உக்காருங்க, நான் இன்னும் முடிக்கல. நான் வர்றேன். நீங்க அங்க இருக்கக் கூடாது."

"என் வீட்டுலயே நான் இருக்கக் கூடாதா?"

"அத நான் கூட்டித் தொடச்ச அளவுக்கு நீங்க ஒடச்சிருக்கீங்க."

அவர் கால் தானாகப் போனது. பெஞ்சுப் பக்கத்துக் குப்பைத்தொட்டி உருண்டு, ரத்தப் பஞ்சும் காகிதமும் நடைபாதை முழுக்கச் சிதறின. உட்கார்ந்திருந்த நோயாளிகள் காலைத் தூக்கிக்கொண்டார்கள். கூடவே வந்திருந்த மச்சான் முஷ்டியை மடக்கிக்கொண்டு எழுந்தான். அவள் அசையவே இல்லை. இந்தக் கால் என்றைக்குப் போகும், எவ்வளவு தூரம் போகும் என்று அவளுக்குத் தெரியாததா? தையலுக்குக் கீழே வீங்கிய ஒற்றைக் கண்ணால் அவரைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள்.

அவர் குனிந்து தொட்டியை நிமிர்த்தினார். பஞ்சை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டார். அதில் பாதி அவளுடைய ரத்தம்.

"எவ்வளவு நாளைக்கு?" என்று குனிந்தபடியே கேட்டார்.

"தெரியாது. வேலையிடத்துல தகரக் கொட்டகை இருக்குல்ல, அங்க படுங்க. பேசணும்னா ஞாயித்துக்கிழமை கடலுக்கு வாங்க. நான் குடுக்குற பலகையத்தான் எடுக்கணும்."

சாவிக்கொத்திலிருந்து வீட்டுச் சாவியைப் பிரிக்க அவருக்கு வெகுநேரம் ஆனது. நகம் பிளந்தது. அவள் கையை நீட்டிக்கொண்டே இருந்தாள், உதவவில்லை. சாவி கைக்கு வந்ததும் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினாள்.

நர்ஸ் அம்மா திரையை விலக்கி எட்டிப் பார்த்தாள். "நீங்க வாங்க, அந்த உதட்டக் காட்டுங்க. இது யாரு வேல?"

"மச்சான்."

"நல்லாத்தான் குடுத்திருக்காரு. உக்காருங்க, எரியும்" என்று பஞ்சை மருந்தில் நனைத்தாள்.