டாக்டரம்மாவைப் பற்றி நான் கொடுத்த ரிப்போர்ட்

மேடைக்கு நான்கு படிகள். முந்தின நாளே மயிலாப்பூர் மண்டபத்துக்குப் போய் எண்ணிவிட்டு வந்தேன். அடையாறிலிருந்து பஸ் ஏறி, அதற்கென்றே போனேன். புடவை தடுக்கி விழுந்துவிடுவேனோ என்று பயம். விழுந்தாலும் தூக்கிவிட அன்றைக்கு மண்டபம் நிறைய டாக்டர்கள் இருப்பார்கள் என்பதுதான் கொஞ்சம் ஆறுதல்.

எங்கள் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவின் பெரிய டாக்டரம்மாவுக்குப் பாராட்டு விழா. முப்பது வருஷமாக அதே வாசலில் நிற்கிறவர். அவரிடம் தொழில் கற்றவர்கள் சேர்ந்து ஏற்பாடு செய்திருந்தார்கள். ஊழியர்கள் சார்பில் பேச ஒருவர் வேண்டும் என்றதும் தலைமை நர்ஸ் என் பெயரைக் கொடுத்துவிட்டார். நான் அங்கே தரை துடைப்பவள், ஸ்ட்ரெச்சர் தள்ளுபவள். ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவள்.

"நான் உளறிட்டா அவங்களுக்குத்தானே சிஸ்டர் அசிங்கம்?"

"நீ உளறலைன்னாதான் அவங்க பயந்துடுவாங்க. போ," என்றார் நர்ஸ். இரண்டு பக்கம் அவரே எழுதியும் கொடுத்தார்.

பத்து நாள் மனப்பாடம் செய்தேன். மீன் கழுவும்போதும் வாய் ஓயவில்லை.

"இன்னா, மீனாண்ட பேசிக்கினு கீற?" என்றார் வீட்டுக்காரர். "அது செத்துப் பூச்சு."

விழாவன்று காலையிலிருந்தே பயம் பாதி, மீதி என்னவென்று சொல்லத் தெரியவில்லை, கல்யாண வீட்டுக்குக் கிளம்புகிற மாதிரி இருந்தது. டாக்டரம்மா பச்சைப் பட்டில் மேடையில் உட்கார்ந்திருந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே குறைவு. என்னைக் கூப்பிட்டார்கள். படிகளில் விழவில்லை. தாளைப் பிரித்தேன்.

"தன்னலமற்ற சேவையின்…"

அதற்கு மேல் வரவில்லை. மறுபடி ஆரம்பித்தேன், "தன்னல…" மூன்றாம் முறை அதுவும் வரவில்லை. முன்வரிசையில் யாரோ இருமினார்கள். முடிந்தது, அவர் மானத்தை வாங்கிவிட்டேன் என்று நினைத்தேன்.

"பேப்பரை வைங்க," என்று பின்னாலிருந்து டாக்டரம்மாவின் குரல். "ஆளைப் பார்த்துச் சொல்லுங்க."

புது டாக்டர்களிடம் அவர் தினமும் சொல்வது அது. கேஸ் ஷீட்டைப் பார்த்துப் படித்தால் அதைப் பிடுங்கிக் கட்டிலில் வைத்துவிடுவார். வயசு, என்ன தொந்தரவு, இதுவரை என்ன செய்தோம், அடுத்து என்ன. இந்த வரிசையில் நோயாளியைப் பார்த்தபடியே சொல்ல வேண்டும். தடுமாறினால் திட்ட மாட்டார், காத்திருப்பார். எங்களையும் விடமாட்டார், கண்ணில் பட்டதைச் சொல்லச் சொல்வார். வாயுத்தொல்லை என்று நடந்து வந்த ஒருவரின் சட்டை ஏசியிலும் தொப்பலாக நனைந்திருப்பதை ஒருமுறை சொன்னேன். உடனே ஈசிஜி எடுக்கச் சொன்னார், மாரடைப்பு. "பார்த்தது இவங்க," என்று அத்தனை பேர் முன்னாலும் என்னைக் காட்டினார்.

திரும்பி அவரைப் பார்த்தேன். வாய் தானாகத் திறந்துகொண்டது.

"வயசு அம்பத்தொம்போது. பொம்பள. முப்பது வருசமா நின்னுக்கினே வேலை. டிபன் பாக்ஸ் வந்த மாதிரியே மூடிக்கினு வூட்டுக்குப் போவுது. ஆறு மாசமா கால் வீக்கம். செருப்பு ஒரு சைஸ் பெருசா மாத்திக்கினாங்க, யாராண்டயும் சொல்லல."

மண்டபம் சிரித்தது. கைதட்டல் வேறு. எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்றது.

"இதுவரைக்கும் என்ன செஞ்சீங்க?" என்றார் டாக்டரம்மா, கொஞ்சமும் சிரிக்காமல்.

"ஒண்ணும் செய்யல மேடம். சொன்னா கேக்கற பேஷண்ட் இல்ல."

"அடுத்து?"

"உக்காரணும். இங்க கீற முக்கால்வாசிப் பேரு உங்களாண்ட கத்துக்கினவங்கதான். அவங்க நிக்கட்டும், நீங்க கொஞ்சம் உக்காருங்க."

சிரிப்பு நின்றது. கீழே ஒருவர் எழுந்தார், பிறகு ஒரு வரிசை, பிறகு எல்லாரும். நான் தாளை மறுபடி மடித்தேன். அதிகமாகப் பேசிவிட்டேனோ?

எழுந்தவர்களை டாக்டரம்மா பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்தக் கால்னு சொல்லலையே?"

"இடது, மேடம். சாயங்காலமானா அதிகம்."

பட்டுப் புடவையின் கரையைச் சற்றுத் தூக்கி, குனிந்து, கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினார். குழி விழுந்தது. அது மேலே எழும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரியாத்தான் சொல்றாங்க," என்றார்.