லைன் கிடைக்கத் தாமதம்

எங்கள் சிட்லபாக்கம் தெருவில் மோட்டாரைப் போட்டுவிட்டு மறப்பது கொலைக் குற்றத்துக்குச் சமம். அன்று என் வீட்டு மேல்தொட்டி நிரம்பி வாசல் வரை தண்ணீர் ஓடியது. "ஆன்ட்டி, மோட்டார்!" என்று எதிர்வீட்டுப் பெண் கத்தினாள். கேட்டது, புரிந்தது. சாம்பாரைக் கிண்டிய கைதான் உடனே நிற்கவில்லை. அதற்குள் அவள் முடிச்சூரில் இருக்கும் என் மகனுக்குப் போன் போட்டுவிட்டாள்.

அந்த வாரமே ஸ்கேன். மூளைக்குள் சேதி கொண்டுபோகும் இழைகளில் அங்கங்கே வெள்ளைத் திட்டுகள். பல வருட ரத்தக்கொதிப்பில் சின்னச் சின்னக் குழாய்கள் கெட்டதன் விளைவாம். யோசனை மெதுவாகும், இரண்டு வேலையைச் சேர்த்துச் செய்ய வராது, எரிச்சலும் அழுகையும் வரலாம் என்றார் டாக்டர். எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. குக்கர் விசிலுக்கெல்லாம் அழுதுகொண்டிருந்தேனே, அதற்கு ஒரு காரணம் கிடைத்தது.

மகன்தான் பயந்துபோனான். "வீட்டைப் பூட்டிட்டு எங்களோட வந்துடும்மா. தனியா இருக்க உன்னால முடியாது."

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உழைத்துக் கட்டிய வீடு இது. பதில் சொல்ல வாயெடுத்தேன். வார்த்தை வரவில்லை. "சரின்னு சொல்றா," என்று மனைவியிடம் அவனே சொல்லி முடித்தான்.

வந்ததே எனக்குக் கோபம்! அது திட்டுகளின் கோபமா என் கோபமா என்று பார்க்கவில்லை.

"டேய், திருச்சிக்கு ஒரு டிரங்க் கால் போட்டுட்டு ஜனங்க சாயங்காலம் வரைக்கும் காத்துக்கிட்டு இருப்பாங்க. நானே கனெக்ஷன் குடுத்திருக்கேன். லைன் லேட்டாதான் கிடைக்கும். நடுவுல எழுந்து போனவனுக்குக் கிடைக்காது."

இப்போது மாத்திரை தவறுவதில்லை. காலையில் ஏரியைச் சுற்றி நடக்கிறேன். மோட்டார் போட்டால் அடுப்பை அணைத்துவிட்டு, தொட்டி நிரம்பும்வரை மொட்டைமாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். "தானா ஆஃப் ஆகுற சுவிட்ச் வந்திருக்கே ஆன்ட்டி," என்று எதிர்வீட்டுப் பெண் சிரிக்கிறாள். வரட்டுமே. எனக்கு மாடிக் காற்று பிடித்திருக்கிறது. சில நாள் அங்கேயும் அழுகை வரும். அழுது முடித்துவிட்டுத்தான் இறங்குவேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தான். சாப்பிட்டு முடித்ததும் மறுபடி அதே பேச்சு. "எங்களோட வந்துடறியாம்மா?"

பதில் தொண்டைக்கு வரவில்லை. அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டான். தட்டில் கை காயக் காய, என் முகத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

"மாட்டேன்," என்றேன்.