கேட்டுக்குப் பக்கத்துப் பலகை

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் அம்மா வேலை பார்த்த கம்பெனியின் கேட்டை ஒட்டி ஒரு பலகை இருந்தது. மாதத்துக்கு ஒருவரைச் ‘சிறந்த பணியாளர்’ என்று தேர்ந்தெடுத்து, கண்ணாடிச் சட்டம் போட்ட போட்டோவை அதில் மாட்டுவார்கள். அந்தப் பலகையில் ஏறியே தீர்வது என்று அம்மா முடிவு கட்டியிருந்தாள். அம்மா முடிவு கட்டிவிட்டால் அவ்வளவுதான்.

நைனாவுக்கு, அதாவது எங்கள் அப்பாவுக்கு, இது பெரிய வேடிக்கை. “செவுத்துல போட்டோவா தொங்கறதுக்கு இன்னாம்மே அவசரம்? அதுக்கு இன்னும் காலம் கீது” என்பார். அம்மா சோற்றுத் தட்டைக் கொஞ்சம் சத்தமாக வைப்பாள்.

சிக்கல் என்னவென்றால், அம்மா காண்ட்ராக்ட் ஆள். பலகையோ நிரந்தர ஊழியர்களுக்கு மட்டும். கார் கதவுக் கீல் அடிக்கும் பிரஸ் மெஷினில் அம்மா நின்றாள். புதிதாகச் சேரும் பையன்களை அவளிடம்தான் விடுவார்கள். அம்மா சொல்லிக்கொடுப்பாள், பையன் நிரந்தரமாவான், கொஞ்ச நாளில் பலகையில் பல்லைக் காட்டிக்கொண்டிருப்பான்.

ஆயுத பூஜை அன்று மட்டும் குடும்பத்தாரை உள்ளே விடுவார்கள். நான் நாலாவது படித்த வருடம் நைனாவும் நானும் போனோம். மெஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. அம்மா தன் மெஷினுக்குத் தானே சாமந்தி மாலை கட்டி எடுத்து வந்திருந்தாள். பூசணிக்காய் உடைத்து, பொரிகடலை கொடுத்தார்கள். மேனேஜர் ஒவ்வொரு குடும்பமாக விசாரித்துக்கொண்டே வந்து என் கன்னத்தைத் தட்டினார். “கம்பெனி புடிச்சிருக்கா பாப்பா?”

வாய் நிறையப் பொரியோடு கேட்டேன்: “எங்க அம்மா போட்டோ ஏன் சார் மாட்டல?”

நைனா என் தோளை அழுத்தினார். மேனேஜர் வெடித்துச் சிரித்தார். நல்ல மனுஷர்தான். “கேட்டுட்டா பாருங்க! இன்னிக்கே மாட்டிடுவோம்” என்று செல்போனை எடுத்து, அம்மாவை மெஷின் பக்கத்தில் நிற்கச் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அம்மா நகரவில்லை. “வாணாம் சார்.”

“ஏம்மா?”

“கொயந்த கேட்டுச்சுன்னு மாட்னா அது கொயந்தைக்கு குட்த்த முட்டாய் சார். நான் செய்ற வேலைய பாத்து மாட்டுங்க. காண்ட்ராக்ட் ஆளுங்களுக்கும் உண்டுன்னு சொல்லுங்க. அப்ப நானே வந்து நிக்கிறேன்.”

மேனேஜரின் சிரிப்பு பாதியில் நின்றது. “பாக்கலாம்மா” என்று செல்போனைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த குடும்பத்திடம் போனார்.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. பஸ்ஸில் ஓவென்று அழுதேன். நைனாவே, “ஊடு தேடி வந்த மகாலட்சுமிய கால்ல ஒதைச்சிட்டியே” என்றார். “அடுத்த வருசம் பாரு. இப்ப சும்மா வா” என்றாள் அம்மா.

அந்த வருடம் அம்மாவுக்குக் காய்ச்சலே வரவில்லை; வந்திருந்தாலும் எங்களிடம் சொல்லவில்லை. மழையில் பஸ் ஓடாத நாளில் முழங்கால் தண்ணீரில் நடந்தே வேலைக்குப் போனாள். மேனேஜரைப் பார்க்கும்போதெல்லாம், “இன்னா சார், பாத்தீங்களா?” என்று மரியாதையாகக் கேட்டாள். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். மேனேஜர் கல் இல்லையே, அவரும் தேய்ந்தார்.

அடுத்த ஆயுத பூஜைக்குப் போனபோது பலகையில் அம்மா இருந்தாள். காண்ட்ராக்ட் ஆட்களில் முதல் போட்டோ. ஆதார் கார்டுக்கு எடுத்ததுபோல முறைத்துக்கொண்டிருந்தாள். நைனா அதையே பார்த்தபடி நின்றார். கேலி ஒன்றும் வரவில்லை. நான் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன். “இன்னாத்த பாக்கறது? உள்ள வா, மெஷினுக்குப் பொட்டு வைக்கணும்” என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டாள்.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இத்தனை பாடுபட்டு வாங்கியதை ஒருதரம் பார்க்கக்கூட அம்மாவுக்கு ஆசை இல்லையே என்று வருத்தமாக இருந்தது.

பக்கத்து இரும்பு உருக்காலைகளின் புகை அந்தத் தெருவில் எதையும் விட்டுவைக்காது. மற்றச் சட்டங்களிலெல்லாம் கரி படிந்து முகங்களே மங்கியிருந்தன. மாட்டிச் சில வாரம் ஆகியும் அம்மாவின் கண்ணாடி மட்டும் பளிச்சென்று இருந்தது. அதில் என் முகம் தெரிந்தது. எங்கள் அம்மாவுக்கு மட்டும் மேனேஜர் உசத்திக் கண்ணாடி வாங்கிப் போட்டிருக்கிறார் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்த மாதமெல்லாம் அம்மாவின் முந்தானை நுனி கறுத்துக் கிடந்ததே, அது ஏன் என்று யோசிக்க எனக்குத் தெரியவில்லை.