புது ஃபோர்க்கில் சொகுசாக வந்த நண்டுகள்

வீடியோ வீடியோவாகப் பார்த்து, ஒப்பிட்டு, கடைசியில் நேற்று என் பைக்கின் முன்சக்கரத்துக்குக் குலுக்கலைத் தாங்கும் அப்சைட் டவுன் ஃபோர்க் மாட்டிவிட்டேன்.

இன்று காலை பழவேற்காட்டில் ஒரு கூடை உயிர் நண்டு ஏற்றிக்கொண்டு பொன்னேரி மார்க்கெட்டுக்குக் கிளம்பினேன். பழைய ஃபோர்க்கில் ஒவ்வொரு பள்ளமும் நடுமுதுகில் இடிக்கும். இன்று ஏரியில் படகு போவது போல இருந்தது. பாட்டு வேறு பாடினேன்.

நான் வழக்கமாக நண்டு போடும் கடைக்கார அக்கா கூடையைத் திறந்தார். அடுத்த நொடி நண்டுகள் நாலா பக்கமும் ஓடின. ஒன்று பக்கத்துக் கடை வஞ்சிரத்தின் மேல் ஏறி நின்று கொடுக்கைத் தூக்கிக் காட்டியது.

அக்கா ஸ்டூல் மேல் ஏறிக் கத்தினார். “இன்னாபா, கொடுக்கு கட்டலியா?”

“என்னிக்குக்கா கட்னேன்? வர்ற வழியில குலுங்கிக் குலுங்கி அதுங்களே மயங்கிடும்.”

“இன்னிக்கு இன்னா ஆச்சு?”

“புது ஃபோர்க்குக்கா.”

“நாளிக்குப் பழச மாட்டிக்கினு வா. இல்லாங்காட்டி பஸ்ல வா!”

நண்டுகளை நானேதான் பிடித்துக் கூடையில் போட்டேன்.

ஃபோர்க் மாற்ற நினைப்பவர்கள் கமெண்டில் தாராளமாகக் கேளுங்கள். பதில் மெதுவாகத்தான் வரும். கட்டுப் போடாத விரல் ஒன்றுதான் மிச்சம்.