அழகிரி ஏறி இறங்கிய வீடுகள்

ஆறு மணிக்கு அம்மாவை இடப்பக்கமாகத் திருப்பிப் படுக்க வைக்கிறார் அழகிரி. எட்டு மணிக்கு வலப்பக்கம். பத்து மணிக்கு மல்லாக்க. திருப்புவதற்கு முன் கட்டிலின் சக்கரப் பூட்டைக் காலால் மூன்று முறை அழுத்திப் பார்ப்பார். ஒரு முறை போதாதா என்று கேட்டேன். "ஒரு தடவை நமக்கு சிஸ்டர், ரெண்டாவது ஓனருக்கு, மூணாவது இன்ஸ்பெக்டருக்கு" என்றார். நாற்பது வருடம் புனேயில் லிப்ட் மெக்கானிக்காக இருந்தவர். அம்மாவின் இடுப்புக்கு அடியில் கை கொடுக்கும்போதும் அதே பேச்சுதான். "லோடு சென்டர்ல வரணும். இல்லேன்னா கயிறு தேயும்."

அந்த லோடின் பெயர் ராக்கம்மாள். எண்பத்திரண்டு வயது, முப்பத்தொன்பது கிலோ. பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு குழறும். ஸ்ரீரங்கத்தில் மேலூர் சாலைப் பக்கம், வாழைத்தோப்பு முடிகிற இடத்தில் வீடு. நான் இரண்டு தெரு தள்ளி இருக்கிறேன். ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நர்ஸ் என்பதால் படுக்கைப் புண்ணுக்கு மருந்து கட்டக் கூப்பிட்டார்கள். போன ஐப்பசியில் கை அகலம் இருந்த புண், தை மாதம் புளியங்கொட்டை அளவுக்குச் சுருங்கிவிட்டது. அதில் என் மருந்தின் பங்கு கொஞ்சம்தான். மணி தவறாமல் திருப்பிப் போட்ட கைதான் ஆற்றியது.

அழகிரிக்குக் குட்டையான, இறுகிய உடம்பு. சட்டைப் பையில் எப்போதும் டெஸ்டர். 'ஆமா' என்று சொல்லவேண்டிய இடத்தில் 'ஹாங்' என்பார். மனைவி புனேயில் மகளோடு இருக்கிறார். தில்லை நகரில் ஒரு கிளினிக்குக்கு அம்மாவை ஸ்கேன் எடுக்க அழைத்துப் போனபோது லிப்டுக்குள் கண்ணை மூடி நின்றார். மயக்கமோ என்று நாடி பிடிக்கப் போனேன். வெளியே வந்ததும் வாட்ச்மேனிடம், "மூணாவது மாடி தாண்டுறப்ப உரசுதுங்க, ஆபீஸ்ல சொல்லிடுங்க" என்றார். "நீங்க யாருங்க?" என்றான் அவன். "யாருமில்லைங்க. காது கேக்குது, அவ்வளவுதான்."

அவர் சமையலில் ரசம் இருக்கும், பருப்பு இருக்கும், கூட்டு இருக்கும். தாளிப்பு இருக்காது. வாணலியே அந்த வீட்டில் இல்லை. பகல் உதவிக்கு வரும் கலைமதி, கையில் வேலையும் வாயில் பேச்சும் ஒரே வேகத்தில் ஓடுகிற பெண், ஒரு நாள் கேட்டேவிட்டாள். "ஏண்ணே, கடுகு என்ன உங்களுக்கு மாமியாரா? வீட்டுக்குள்ளயே விட மாட்டேங்கிறீங்க?" அவர் சிரித்து மழுப்பினார். கலைமதி விடுகிறவள் இல்லை. மறுநாள் தன் வீட்டிலிருந்து கடுகும் கரண்டியும் கொண்டுவந்து ரசத்தைத் தாளித்துவிட்டாள். வாசனை கூடத்துக்கு வந்ததும் அழகிரி எழுந்து கொல்லைக்குப் போனார். அரை மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தேன். குழாயடியில் நின்று, திறந்துவிட்ட தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் சொன்னார்.

அவருக்குப் பதினோரு வயதாக இருந்தபோது தங்கை ஜோதிக்கு மணல்வாரி அம்மை போட்டது. அவளுக்கு வயது ஆறு. அம்மை கண்ட வீட்டில் தாளிக்கக் கூடாது, பொரிக்கக் கூடாது, கவிச்சி கூடாது. வாசலில் வேப்பிலை செருகியிருக்கும். வீட்டுக்குத் தூரமான பெண்கள் நிழல்கூட விழக்கூடாது. டாக்டரிடம் போனால் மாரியம்மனுக்கு ஆகாது என்று ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. நாலாம் நாள் இந்தப் பையன், கொள்ளிடக்கரையில் இருந்த சிநேகிதன் பிச்சமுத்துவின் வீட்டுக்குப் போனான். அங்கே கெண்டை மீன் வறுத்துக்கொண்டிருந்தார்கள். சுடச்சுட நாலு துண்டு தின்றுவிட்டு, ஆற்று மணலால் வாயைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வீடு திரும்பினான். ஆறாம் நாள், மூச்சு இழுத்து ஜோதி போய்விட்டாள்.

காடு வரைக்கும் போய்வந்த சொந்தக்காரர்கள் கூடத்தில் உட்கார்ந்து, வீட்டில் யார் தீட்டுப் பண்ணினது என்று ஒவ்வொருவரையாக விசாரித்தார்கள். இவன் முறை வந்தது. "நீ எதுனா தின்னியாடா?" என்று கேட்டார்கள். இவன் சொன்னது வேறு. "அத்தை விடியக்காலையில கொல்லையில துணி அலசுனாங்க."

அத்தை வெள்ளையம்மாள், அப்பாவின் தங்கை. அப்போது இருபது வயது. துறையூரிலிருந்து வந்து, ஜோதிக்குப் பக்கத்திலேயே ஆறு நாளும் உட்கார்ந்து வேப்பிலையால் வருடிக்கொடுத்தவர். அலசியது குழந்தை அழுக்காக்கிய பாவாடை. அதை யாரும் கேட்கவில்லை. தூரமானதை மறைத்துக்கொண்டு பிள்ளை பக்கத்தில் நின்றிருக்கிறாள் என்று முடிவு கட்டினார்கள். அன்றைக்கே துறையூர் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள். வைகாசியில் நடக்கவிருந்த கல்யாணம் நின்றது. பேச்சு ஊர் முழுக்கப் போனபின் வேறு எவரும் பெண் கேட்டு வரவில்லை. ராக்கம்மாள் அந்தப் பெயரை வீட்டில் சொல்லவே விட்டதில்லை. பையன் பதினாறு வயதில் ஒரு கான்ட்ராக்டர் பின்னால் புனேக்குப் போனான். அப்பா சாவுக்கு இரண்டு நாள் வந்ததோடு சரி.

எனக்கு இதில் சொல்ல ஒன்றுதான் இருந்தது, சொன்னேன். அம்மையோடு நெஞ்சில் சளி கட்டினால் நிமோனியா. சின்ன உடம்பு தாங்காது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாதது பெரியவர்கள் தப்பு. மீன் யாரையும் கொல்லவில்லை.

"அது தெரியும் சிஸ்டர். புனேல ஒரு டாக்டரம்மா முப்பது வருஷம் முந்தியே சொல்லிட்டாங்க."

"தெரிஞ்சுமா கடுகு வாங்குறதில்லை?"

"எனக்குத் தெரிஞ்சா மூக்கு கேக்குமா?" என்றார். பிறகு, "மீனை விடுங்க. அந்தத் துணி இருக்கே, அதுக்கு எந்த டாக்டர்கிட்ட போறது?"

வியாழக்கிழமைதோறும் நான் இருக்கும் நாலு மணி நேரத்தில் அவர் வெளியே போய்வருவார். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் துறையூர் பஸ் ஏறுவார். மண்ணச்சநல்லூர், புலிவலம் தாண்டித் துறையூரில் இறங்கி ஒரு டீ குடிப்பார். அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவார். அத்தை வீடு பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்து நிமிட நடை. "வீடு பூட்டியிருந்துச்சு" என்று எங்களிடம் சொல்வார். "ஆறு வாரமாவா பூட்டியிருக்கு? சாவிய யாரு, நீங்களா வச்சிருக்கீங்க?" என்றாள் கலைமதி.

அம்மாவிடம் முதலில் சொல்லுங்கள், அந்த உடம்புக்கு நாள் குறிக்க முடியாது என்றேன். பங்குனியில் ஒரு நாள் எட்டு மணிக்குத் திருப்பும்போது சொன்னார். நான் பக்கத்தில் பஞ்சு வெட்டிக்கொண்டிருந்தேன். மீன், துணி இரண்டையும் சொன்னார். ராக்கம்மாள் சுவரைப் பார்த்தபடி கிடந்தார். வாயை ஒழுங்குபண்ண வெகுநேரம் ஆனது. "இப்ப... எதுக்கு" என்றார். கண்ணை மூடிக்கொண்டார். அழகிரி முழங்கால்களுக்கு நடுவே தலையணையை வைத்தார், நோட்டில் மணியைக் குறித்தார், கையைக் கழுவப் போனார்.

அடுத்த வியாழன், "நீங்களும் வாங்க சிஸ்டர். தனியாப் போனா டீயோட வந்துருவேன்" என்றார். கலைமதியை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டுப் போனேன்.

வெள்ளையம்மாள் துறையூரில் ரவிக்கை தைக்கிறார். தெருவில் டைலரம்மா என்றால்தான் தெரியும். மெஷினை நிறுத்தாமல் நிமிர்ந்து பார்த்தார். "யாரு, பூனாக்காரனா? உங்கப்பன் மூஞ்சிய அப்படியே ஒட்டி வச்சிருக்கே. உக்காரு. ஃபேன் ஓடாது. நீதான் ரிப்பேர்காரனாச்சே, வேணும்னா என்னான்னு பாரு."

இவர் நிஜமாகவே மேலே பார்க்க ஆரம்பித்துவிட்டார். "வந்த வேலையைப் பாருங்க" என்றேன்.

நின்றபடியே சொன்னார். மீன் வரைக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. துணி என்றதும் நின்றது.

"அது யாரு துணின்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும் அத்தை. பாப்பாவோட பச்சைப் பாவாடை. நீங்க மாத்தி விடுறப்ப நான் பக்கத்துலதான் படுத்திருந்தேன்."

"தெரிஞ்சேதான் சொன்னியா?"

"தெரிஞ்சேதான்."

இதை அவர் என்னிடம்கூடச் சொன்னதில்லை. வாய் தவறிய பையன் என்றே நானும் நினைத்திருந்தேன்.

வெள்ளையம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "நாப்பத்தாறு வருஷமா, புள்ளைக்கு என்ன தெரியும், பார்த்ததைச் சொல்லிட்டான்னு உன் ஒருத்தனை மட்டும் கணக்குல சேக்காம வச்சிருந்தேன்டா. அந்த ஒண்ணையாவது எனக்கு விட்டு வச்சிருக்கலாம்ல."

தெருவில் ஒரு பால்காரர் மணியடித்துப் போனார்.

"அண்ணிகிட்ட சொன்னியா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னா?"

"இப்ப எதுக்குன்னு கேட்டாங்க."

வெள்ளையம்மாள் சத்தமாகவே சிரித்தார். "அவ வாய் விழுந்தும் மாறலை பாரு." பிறகு நூலைப் பல்லால் கடித்தார். "எங்கிட்ட மன்னிப்பு கேக்காத. வாங்குனா அதை எங்க வைக்கிறதுன்னு எனக்குத் தெரியாது. அன்னிக்குக் கூடத்துல உக்காந்து கேட்டாங்கள்ல, அதுல இன்னும் ஏழு பேர் இருக்காங்க. ஒவ்வொரு வீடாப் போ. நான் தீட்டோட நிக்கலைன்னு உன் வாயால சொல்லு. அதுக்கப்புறம் வா, பேசலாம்."

"செத்துப்போனவங்களுக்கு, அத்தை?"

"அவங்களை நான் போய்ப் பாத்துக்கிறேன்."

ஏழு பெயர்களையும் ஊர்களையும் தயங்காமல் சொன்னார். அழகிரி நோட்டில் எழுதிக்கொண்டார். எனக்குக் குடிக்கத் தண்ணீர் வந்தது. அவருக்கு வரவில்லை.

சித்திரையிலிருந்து இதுதான் அவருடைய வியாழக்கிழமை வேலை. லால்குடியில் ஒரு மாமா, "அட விடுங்க மாப்ள, அந்தக் காலத்துக் கதை, காபி சாப்பிடுங்க" என்றாராம். சொல்லி முடித்தபின்தான் காபியைத் தொட்டிருக்கிறார் இவர். உறையூரில் ஒரு சித்தி, வெள்ளையம்மாள் நன்றாகத்தானே இருக்கிறாள், தையல் மெஷின்கூட இருக்கிறதே என்று சொல்லியிருக்கிறார். முசிறியில், "அப்ப நாங்கள்லாம் பொய்யா பேசினோம்?" என்று கதவைச் சாத்திவிட்டார்கள். ஜன்னல் வழியே சொல்லிவிட்டு வந்திருக்கிறார். சரி சரி என்று தலையாட்டுகிறவர்களையும் விடுவதில்லை. "என்ன புரிஞ்சுதுன்னு ஒரு தடவை நீங்க சொல்லுங்க" என்பார். லிப்ட் வேலையில் புது ஆளைப் பழக்கும்போது அப்படித்தான் கேட்பார்களாம். ராக்கம்மாள் இதெல்லாம் கேட்டுக்கொண்டுதான் படுத்திருக்கிறார்.

ஏழாவது ஆள் மண்ணச்சநல்லூர் மூக்கன். அழகிரிக்குப் பெரியப்பா முறை, தொண்ணூற்றொரு வயது. வெள்ளையம்மாளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் பஸ்ஸில் ஏற்றியவர் அவர்தான். எனக்கு அந்த ஊரில் பொன்னி அரிசி வாங்க வேண்டியிருந்தது, கூடப் போனேன். வீடு கடைத்தெருவை ஒட்டி இருந்தது. எதிரே டீக்கடை, பக்கத்தில் அரிசி மில். வெளி அறையில் கயிற்றுக் கட்டிலில் பெரியவர் உட்கார்ந்திருந்தார்.

"காது சுத்தமா கேக்காதுங்க" என்றார் மருமகள். "இடது காதுகிட்ட கத்தணும்."

அழகிரி குனிந்து தன் பெயரைச் சொன்னார்.

"ஆ? யாரு செத்தா?"

"யாரும் சாகலை பெரியப்பா! அழகிரி! ராக்கம்மா மவன்!"

"ராக்கம்மா செத்துட்டாளா?"

மருமகள் வாயைப் பொத்திச் சிரித்தார். அழகிரி நிமிர்ந்து நின்றார். மற்ற ஆறு வீட்டிலும் மெதுவாகச் சொல்ல முடிந்தது. இங்கே சொன்னால் டீக்கடைக்கும் மில்லுக்கும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும். வேர்த்துவிட்டிருந்தது. என்னைப் பார்த்தார். நான் அரிசிப் பையை இறக்கி வைத்தேன்.

கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டார். இரண்டு கையையும் பெரியவரின் காதைச் சுற்றிக் குவித்துக்கொண்டு கத்தினார். "வெள்ளையம்மா அத்தை தீட்டோட நிக்கலை பெரியப்பா! அவங்க அலசினது ஜோதியோட பாவாடை! தெரிஞ்சே நான்தான் மாத்திச் சொன்னேன்!"

டீக்கடையில் பேச்சு நின்றது. நெல் மூட்டையோடு போன ஒருவர் திரும்பிப் பார்த்தார். மருமகளின் சிரிப்பு போய்விட்டது. "ஐயோ, மெதுவாங்க, தெருவே கேக்குது" என்று ஓடிப்போய் வாசல் கதவை ஒருக்களித்தார்.

பெரியவர் அழகிரியின் முகத்தை உற்றுப் பார்த்தார். "என்ன சொன்ன?" என்றார்.

அழகிரி எழுந்து போய்க் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு வந்து, மறுபடியும் மண்டியிட்டார்.