இராயப்பரைக் காப்பாற்றியவர்கள்

எங்கள் குடும்பத்துக்குள் பிசாசு ஒரு பால்பவுடர் டப்பாவில் வந்து இறங்கியதாக மாமா இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறார். அவர் வாயை அடைக்க ஆளில்லை. அந்த டப்பாவில் இருந்தது குறி பார்க்கிற டாரட் சீட்டு ஒரு கட்டு. கொண்டுவந்தவள் என் சித்தி. அம்மாவுக்கும் மாமாவுக்கும் இளையவள். வளைகுடாவில் ஓர் அரபி வீட்டில் வேலைக்கு நின்றவள், அப்போது விடுப்பில் வந்திருந்தாள். நான் நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்தில், கடலோரத்தில் எங்கள் வீடு.

இப்போது கைபேசியைத் தொட்டாலே யாராவது ஒருத்தி மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துக்கொண்டு சீட்டு எடுத்துக் காட்டுகிறாள். உங்களை விட்டுப் போனவர் இந்த வாரமே திரும்பி வருவார் என்கிறாள். என் அலுவலகத்துப் பெண்கள் காப்பி நேரத்தில் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். தனியாக இருக்கும்போது அதையே பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வதையும் நான் கண்டிருக்கிறேன். அவர்கள் கைபேசியை யாரும் பிடுங்கித் தீயில் போடுவதில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சீட்டு எப்படிக் கிடைத்தது என்று கேட்டால், "கூட வேல பாத்த பிலிப்பைன்ஸ்காரிக்க சாமானாக்கும்" என்று மட்டும் சொல்வாள் சித்தி. அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது, சித்திக்கு இங்கிலீஷ் வராது. வேலையெல்லாம் ஒதுங்கிய பிறகு இரண்டு பேரும் சமையலறைத் தரையில் சீட்டைப் பரப்பி வைத்துப் பேசிக்கொள்வார்களாம். முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் படத்தைத் தொட்டால் இன்றைக்கு அழுதேன் என்று அர்த்தம். படகுப் படத்தைத் தொட்டால் ஊர் நினைப்பு.

எங்கள் ஊர்ப் பெண்களும் சீக்கிரமே மோப்பம் பிடித்துவிட்டார்கள். ஆண்கள் மதியச் சாப்பாடு முடிந்து கண்ணயர்ந்த நேரத்தில் பின்வாசல் வழியாக வருவார்கள். ஆழ்கடலுக்குப் போன கணவனிடமிருந்து தகவல் வராதவள், பிள்ளை உண்டாகாதவள், மாமியாரிடம் அகப்பட்டவள். சித்தி யாருக்கும் வருங்காலம் சொன்னதாக எனக்கு நினைவில்லை. சீட்டுகளைப் பரப்பி, "இதுல எது ஒனக்க மொகம் மாதிரி இருக்கு? எடு மக்கா" என்பாள். கையில் எடுத்ததும் அவர்களுக்கு வாய் திறந்துவிடும். கோயில் அன்பியக் கூட்டத்தில் பக்கத்தில் உட்கார்ந்து செபமாலை உருட்டுகிறவளிடம்கூடச் சொல்லாததை எல்லாம் அந்தப் படத்திடம் கொட்டிவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு போவார்கள்.

படங்களையும் அவர்கள் சும்மா விடவில்லை. கிரீடம் வைத்து உட்கார்ந்திருந்தவள் மாதா. எக்காளம் ஊதிய சிறகுக்காரர் சம்மனசு, தேவதூதர். இன்னொரு சீட்டில் ஓர் ஆள் மரத்தில் தலைகீழாகத் தொங்கினான். தலையைச் சுற்றி ஒளிவட்டம். தலைகீழாகச் சிலுவையில் அறையுண்ட பேதுருவை, எங்கள் இராயப்பரைத் தவிர வேறு யாராக இருக்க முடியும்? அவரே மீன் பிடித்தவர், எங்கள் கடற்கரைக்கே உறவுக்காரர் மாதிரி. மாமாவின் மனைவி, மாமி, அந்தச் சீட்டை மட்டும் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் கீழே வைப்பாள். சித்தி யாரையும் திருத்தவில்லை.

விடுப்பு முடியும் சமயத்தில் மாமா, அதே அரபி வீட்டுக்கே அவளைத் திருப்பி அனுப்ப எல்லா ஏற்பாடும் செய்தார். அவர் கட்டிய வீடு மேலே கான்கிரீட் போடாமல் வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

"அண்ணே, அந்த வீட்டுக்கு மட்டும் என்னை அனுப்பாத. வேற எங்க வேணும்னாலும் போறேன்."

"அங்க ஒனக்கு என்ன கொறவு?"

"அந்த வீடு கொள்ளாது. நல்ல வீடு இல்ல."

"ஏட்டி, கொள்ளாத வீட்டுலயா இவ்வளவு நாளும் சோறு தின்ன?"

என் அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. என் அம்மாவை நான் இன்னும் அதற்கு மன்னிக்கவில்லை. வேலைக்குப் போன வீட்டில் என்ன நடந்தது என்று ஒரு பெண் வாயைத் திறந்தால், ஊர் அவளைத்தான் மேலும் கீழும் பார்க்கும். அது அம்மாவுக்கும் தெரியும், சித்திக்கும் தெரியும்.

சித்தி சீட்டை எடுத்தாள். மாமா வரும்போதெல்லாம் கட்டைக் கலைத்து ஒரு சீட்டை உருவுவாள். எப்போதும் ஒரே சீட்டுதான் வந்தது. இடி விழுந்து எரியும் ஒரு கோபுரம், அதன் உச்சியிலிருந்து தலைகுப்புற விழும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும். ஆணின் மேல் கட்டைவிரலை அழுத்திக்கொண்டு, அண்ணன் முகத்துக்கு நேரே நீட்டுவாள்.

"இதுதான் அந்த வீடு. பாரு."

கலைக்கும்போது அந்தச் சீட்டை அவள் அடியில் ஒளித்துவைப்பதை நான் பார்த்துவிட்டேன். பார்த்ததை அவளும் பார்த்தாள். சித்தி பெரிய வித்தைக்காரி என்று எனக்கு ஒரே குஷி. மாமாவைப் பயமுறுத்தி டிக்கெட்டைக் கிழிக்க வைக்கப் போகிறாள் என்று நம்பினேன்.

மாமா பயந்தது உண்மைதான். தங்கை சொன்ன சொல்லுக்கு அசையாத மனுஷன், ஒரு அட்டைப் படத்துக்கு வியர்த்தார். ஆனால் டிக்கெட்டைக் கிழிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் கடற்கரையில் தென்னைமட்டையைக் கொளுத்தி, டப்பாவோடு சீட்டைக் கவிழ்த்தார். கோயிலில் யாரும் சொல்லவில்லை, அவராகவே செய்தார். பின்வாசல் வழியாக வந்த பெண்கள் எல்லாரும் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு சுற்றி நின்றார்கள். ஒருத்தி வாயிலிருந்தாவது ஒரு சொல் வரவேண்டுமே!

வந்தது. மாமி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள்.

"ஐயோ, இராயப்பரைக் கருக்கிராதுங்கோ!"

மாமா பதறிப்போய்த் தீக்குள் கையை விட்டு அந்தச் சீட்டை எடுத்தார். மணலைத் துடைத்தார், உதட்டில் ஒற்றி முத்தி செய்தார், சிலுவை வரைந்துகொண்டார். அந்த இராயப்பர் இன்றும் மாமா வீட்டுப் பீடத்தில் மாதாவுக்கு இடப்பக்கம் தொங்குகிறார். மேலே கான்கிரீட் போட்டாகிவிட்டது. படத்துக்காகத் தீயில் கையை விட்டவர் அவர். கூடப்பிறந்தவளுக்காக அந்தக் கை ஓர் அங்குலம் நீளவில்லை.

அடுத்த வாரம் சித்தியைத் திருவனந்தபுரத்தில் விமானம் ஏற்றிவிட்டார்கள். அதே வீட்டுக்கு. ஒப்பந்தம் முடியும்வரை நின்றாள். திரும்பி வந்தபோது என்னோடு விளையாடிய சித்தி அவளுக்குள் இல்லை.

இப்போது குளச்சலில் தையல் கடை வைத்திருக்கிறாள். சென்ற வருடம் ஊருக்குப் போயிருந்தபோது, கைபேசியில் ஓடிய சீட்டுக்காரியை அவளுக்குக் காட்டினேன். கோபுரச் சீட்டு வந்தது. சித்தி மெஷினை நிறுத்தினாள். கண்ணாடித் திரையில் விழுகிற ஆணின் மேல் கட்டைவிரலை வைத்து மறைத்தாள்.

"அவ மட்டுந்தான் விழுந்தா மக்கா. மேல்மாடி ஜன்னலு. நான் கீழ துணி காயப்போட்டுட்டு நின்னேன்."

விழுந்தாளா தள்ளினார்களா என்று நான் கேட்கவில்லை. பிலிப்பைன்ஸ்காரியின் சாமான் என்று அவள் சொன்னது, செத்தவள் விட்டுப்போன சாமானை. அதைத்தான் எரித்தார்கள். வரப்போவதைச் சொல்கிறாள் என்று மாமா பயந்தார். நடந்து முடிந்ததைச் சொல்கிறாள் என்று வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

எனக்கும் தோன்றவில்லை. அன்றைக்கு அவள் சீட்டை நீட்டியபோது, மாமாவுக்குப் படம் முழுதாகத் தெரியட்டும் என்று, நான் அவள் பக்கத்தில் நின்று அந்தக் கட்டைவிரலை விலக்கிவிடப் பார்த்தேன்.