நானூறு பேர் வந்த வீடு

வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் என்பதால் அவனுக்கு ‘டிகிரி’ என்றே பெயர் விழுந்துவிட்டது. “டிகிரி, ஃபேன் ஓடலை, என்னன்னு பாரு” என்பாள் அம்மா. படித்த படிப்புக்கு இதுவரை வேலை கொடுத்தது அந்த ஃபேன் ஒன்றுதான்.

அப்பா சவப்பெட்டி செய்பவர். அக்கா தையல் ஆலை வேலையை விட்டுவிட்டு, பின்னறையில் மணப்பெண் அலங்காரம் தொடங்கியிருந்தாள். டிகிரி வேலை தேடிக்கொண்டிருந்தான். ஆளுக்கொரு இணையப் பக்கம், பக்கத்துக்கொரு பழைய கணினி. மூன்றும் கூடத்தில், விற்காத ஒரு பெட்டியின் மேல் மூச்சிரைத்தபடி ஓடின.

ஆனால் இணைய நிறுவனம் வீட்டுக்குக் கொடுத்தது ஒரே முகவரி. ஆகவே வாசலில் ஆள் நிறுத்துவதுபோல ப்ராக்ஸி என்றொரு நிரலை நிறுத்தினான். வருகிறவர் யாரைக் கேட்கிறார் என்று பெயர் பார்த்து, அந்தக் கணினிக்கு அனுப்பிவைக்கும். தெரியாத பெயரைச் சொன்னாலோ, பெயரே சொல்லாவிட்டாலோ, வரிசையில் முதலில் இருப்பவரிடம் தள்ளிவிடும். இது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் கை தானாக அப்பாவை முதலில் எழுதியது. பெரியவரைப் பின்னால் போட யாருக்கு மனசு வரும்? அடுத்து அக்கா. கடைசியில் தான்.

மறுநாளே அப்பாவின் பக்கத்துக்கு நானூறு பேர் வந்திருந்தார்கள். ஆட்கள் அல்ல; கண்ட முகவரியையெல்லாம் தட்டிப் பார்த்து அலையும் தானியங்கி நிரல்கள். பெயர் சொல்லத் தெரியாதவை. எடுத்துச் சொன்னான்.

“ஆள் இல்லாம எப்படிடா வந்துட்டுப் போவாங்க?” அப்பா நம்பவில்லை. “நானூறு பேர் விசாரிச்சிருக்காங்க. திடீர்னு தேவைப்பட்டா எங்க போவாங்க, பாவம்!”

இழைப்புளி ஓயவே இல்லை. பெட்டிகள் கூடத்தை நிறைத்து சன்னல்வரை வந்துவிட்டன. சாப்பாடுகூட பெட்டிமேல்தான்.

அக்காவுக்கு வந்ததோ ஒரே விசாரணை. ஒரு மணப்பெண், கூடவே ஆறு தோழிகள். “இதுவும் கைநழுவிப் போச்சுன்னா மறுபடி ஆலைக்கே போயிடறேன்” என்றாள். பக்கத்தின் பெயரைப் பெண்ணின் அம்மாவுக்குப் போனில் சொன்னாள். அவர் பழைய பழக்கத்தில் முன்னால் மூன்று டபிள்யூவையும் சேர்த்து அடித்தார். அப்படியொரு பெயரை டிகிரி எழுதி வைக்கவில்லை. ப்ராக்ஸி அவரை நேரே அப்பாவிடம் அனுப்பிவிட்டது.

போன் அலறியது. “கல்யாணப் பொண்ணுக்கு அலங்காரம் கேட்டா, தேக்குல வேணுமா சாதா மரத்துல வேணுமான்னு கேக்குது! இருங்க, நேர்லயே வரேன்!”

பெண்ணையும் இழுத்துக்கொண்டு வந்தே விட்டார். கதவைத் திறந்த அப்பாவுக்கு முகமெல்லாம் பல்.

“வாங்கம்மா, வாங்க! நானூறு பேர்ல நேர்ல வந்த முதல் ஆளு நீங்கதான்.” பேசிக்கொண்டே அவரைத் தலையிலிருந்து கால்வரை கண்ணால் அளந்தார். “அஞ்சரை அடி போதும்.”

“அப்பா!” என்று அக்கா ஓடி வந்தாள்.

டிகிரி குறுக்கே விழுந்து ஒரே முகவரி, மூன்று கணினி, வரிசை என்று விளக்கினான். பெண்ணின் அம்மாவுக்கு ஒன்றும் ஏறவில்லை.

“அப்பாவை முதல்ல போட்டதுதான் தப்புங்கறியா?”

“ஆமாங்க.”

“அதுல என்னப்பா தப்பு?” என்றார். பாதிக் கோபம் அங்கேயே இறங்கிவிட்டது.

இதற்குள் மணப்பெண் கால் வலிக்கிறதென்று சன்னலோரப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். வெளிச்சம் முகத்தில் அழகாக விழுந்தது. அக்கா தூரிகைகளை எடுத்து வந்தாள். பின்னறை நாற்காலியில் உட்காரவைத்தால் குனிந்து குனிந்தே அவளுக்கு இடுப்பு ஒடியும். இங்கே முகம் சரியாகக் கைக்கு நேரே இருந்தது. ஒரு கண் முடிந்ததும் பெண் கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள்.

“அம்மா, எனக்கு இவங்கதான் வேணும். உக்கார இதே இடம்தான் வேணும்.”

“எதுமேல உக்காந்திருக்கேன்னு பாருடி!”

“பாத்தேன். வசதியாத்தான் இருக்கு.”

ஏழு பேருக்கும் பேசி முடித்துவிட்டே போனார்கள். ஆலைச் சீருடையை எடுத்து அக்கா தரை துடைக்கப் போட்டாள்.

டிகிரி உடனே அக்காவின் மூன்று டபிள்யூவை எழுதிச் சேர்த்தான். வரிசையின் தலையில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு பக்கத்தை வைத்தான்: ‘பெயரைச் சரியாகச் சொல்லவும்.’ அப்பா இரண்டாமிடத்துக்கு இறங்கிய சேதியை மட்டும் அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் அப்பா எண்ணிக்கையைப் பார்த்தார். இரண்டு. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். இரண்டேதான். கூடம் நிறைய நின்ற பெட்டிகளைச் சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, மெல்லக் கேட்டார்:

“என்னடா டிகிரி, எல்லாருக்கும் உடம்பு தேவலையாயிடுச்சா?”